ஐஸ்லாந்தின் தோள்வளையமும் ஒரு குளிர்த்தொப்பியும்

ஒரு நாட்டின் பழைமையை அறிய விழைவோர் அந்நாட்டு மக்களின் உடையை முதலில் நோக்குவது வழக்கம். ஐஸ்லாந்துக்குச் செல்வோர் அங்கே கடைதோறும் தொங்கக் காண்பது, கழுத்தைச் சுற்றித் தோளளவும் வட்டமாகக் கோலமிட்ட கம்பளிச் சுவெற்றரையாகும். சாம்பல், வெள்ளை, கறுப்பு, மண்ணிறம் ஆகிய ஆட்டு மயிரின் இயற்கை நிறங்களே பெரும்பாலும் அதன் நிறங்கள். பாய்மரக் கப்பலேறி வந்த முன்னோரின் காலத்திலிருந்தே இவ்வுடை வழங்கி வருகின்றது போலும் என்று காண்போர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அந்தக் கோலச் சுவெற்றர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் உருப்பெற்றது. நம்மிடையே வாழும் பாட்டிமார் பலர் அதனிலும் வயதில் மூத்தோர்.

அங்ஙனமாயின் அதனைத் தம் மரபுடை என்று அம்மக்கள் பெருமையுடன் கூறுவது பொருந்துமா? பொருந்தும் என்பதே நம் விடை. ஏன் பொருந்தும் என்பதை விளக்கி, அதே முறையைத் தழுவி ஒரு தொப்பியைப் பின்னும் வகையினையும் இவ்வாரம் எடுத்துரைப்போம்.

வெப்ப நாட்டில் வாழும் நமக்குக் கம்பளித் தொப்பி எதற்கு என்று வினவுவோரும் இருப்பர். நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் விடியற்காலையிற் புல்லின்மேல் உறைபனி படிவதை அங்குள்ளோர் நன்கறிவர். அன்றியும் இன்று நம் வீடுகள் பலவற்றின் பேரப்பிள்ளைகள் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் கொட்டும் பனியிலே பள்ளிக்கூடம் செல்கின்றனர். அவர்தம் தலைக்குத் தம் கையாலேயே ஒன்று பின்னி அனுப்ப விரும்பும் அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் இப்பகுதி பயன்படும்.

ஆடும் மக்களும்

ஐஸ்லாந்து, வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தீவு. பரப்பில் இலங்கையிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது. மக்கள்தொகையோ நான்கு இலட்சத்தை அடுத்தது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்வே முதலிய இடங்களிலிருந்து அங்குக் குடியேறியோர் தம்முடன் செம்மறியாடுகளையும் மரக்கலத்தில் ஏற்றிச் சென்றனர். பருத்தி அங்கே விளையாது, தானியமும் அரிது. நூற்றாண்டுகள் பலவாக அம்மக்களுக்கு உணவு தந்தன ஆடும் மாடும் மீனும். உடை தந்தது ஆடு ஒன்றே.

அந்த ஆட்டின் உடலில் இருவகை மயிர் உண்டு. வெளிப்புறத்தே வளர்வது நீண்டது, பளபளப்பானது, மழைநீரை உள்ளே விடாது வழித்தோடச் செய்வது. அதனைத் 'தோக்' என்பர். உட்புறத்தே தோலை ஒட்டி வளர்வது குறுகியது, மென்மையானது, காற்றைத் தன்னுள் அடக்கி வெம்மை காப்பது; அதனைத் 'தெல்' என்பர். ஓலைக் கூரையும் சுவரும் சேர்ந்து ஒரு வீட்டைக் காப்பது போல இவ்விரண்டும் சேர்ந்து அந்த ஆட்டைக் காக்கின்றன. முற்காலத்தில் இரண்டையும் கையாற் பிரித்தெடுத்து, வலிய வேலைக்குத் தோக்கினையும் மெல்லிய ஆடைக்குத் தெல்லினையும் பயன்படுத்தினர். இரண்டையும் கலந்தே எடுத்தாற் கிடைக்கும் கம்பளியோ பாரம் குறைந்தது, நனைவைத் தாங்குவது, வெம்மை மிகுந்தது.

கோடையில் இவ்வாடுகள் மலைநிலங்களிலே கட்டின்றி மேயும். செப்டெம்பர் மாதத்தில் ஊரவர் ஒன்றுகூடிக் குதிரையேறிச் சென்று அவற்றை ஓட்டிவந்து, வட்டமான பெரிய பட்டியில் அடைத்து, காதிலிட்ட குறியைப் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்தெடுப்பர். 'ரியத்திர்' எனப்படும் இந்நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகின்றது.

இந்த ஆட்டினம் தானாக நிலைத்து நின்றதென்று எண்ணுதல் தவறு. 1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாக்கி என்னும் எரிமலைப் பிளவு வாய் திறந்தது. எட்டு மாதங்கள் நெருப்புக் குழம்பும் நச்சுப் புகையும் வெளிவந்தன. புல்லிலே நஞ்சு படிந்தது. நாட்டின் ஆடுகளில் ஐந்தில் நான்கு பங்கு மடிந்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். ஆடு போயின் மனிதரும் போவர் என்பதை அந்நாட்டார் அன்று கண்ணீருடன் கற்றனர்.

மற்றொரு சோதனை 1933ஆம் ஆண்டில் வந்தது. ஆட்டு வளத்தைப் பெருக்கும் நோக்கத்துடன் ஜேர்மனியிலிருந்து கரக்குல் இனத்து ஆடுகள் இருபது வருவிக்கப்பட்டன. பார்வைக்கு அவை நலமாகவே இருந்தன. ஆனால் அவற்றின் உடலில் மறைந்திருந்த நோய்கள், ஆண்டுகள் சில கழிந்தபின் நாட்டு மந்தைகளிலே வெளிப்பட்டன. மூச்சு முட்டியும் கால் தளர்ந்தும் ஆடுகள் செத்தன. இறுதியில், நோய் கண்ட பகுதிகளில் மந்தை முழுவதையும் கொன்று, நோயணுகாத பகுதிகளிலிருந்து அதே இனத்து ஆடுகளைக் கொணர்ந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஈண்டு ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். இந்நோய்களை ஆராய்ந்த பியோர்ன் சிகுர்த்சன் என்னும் ஐஸ்லாந்து அறிஞர், தொற்றியபின் நெடுங்காலம் மறைந்திருந்து மெல்ல மெல்ல உயிரைக் குடிக்கும் நோய்வகை ஒன்று உண்டென 1954ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 'மந்தத் தொற்று' என்னும் அக்கருத்து பிற்காலத்து மருத்துவத்துக்குப் பெரிதும் உதவியது. எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசு, அந்த ஆட்டு நோயின் வைரசுக்கு உறவுடையது என்பது பின்னர்த் தெரியவந்தது.

இத்தனை இடர்களுக்குப் பின்னும் அவ்வாட்டின் இருவகை மயிரும் இன்று நம் கைக்கு எட்டுகின்றனவென்றால், அதனைக் காத்தோர் பலர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பின்னலும் படிப்பும்

குடியேறிய காலத்தில் அம்மக்கள் பின்னல் அறியார்; தறியில் நெய்தலையே அறிவர். அவர்கள் நெய்த 'வாத்மால்' என்னும் கம்பளித் துணி நாணயம் போலவே கைமாறியது. வரியும் கடனும் அதனால் அளந்து கொடுக்கப்பட்டன. 16ஆம் நூற்றாண்டிலே வெளிநாட்டு வணிகர் வாயிலாகப் பின்னற்கலை அங்குப் போய்ச் சேர்ந்தது. தறியை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். பின்னல் ஊசியையோ கையோடு கொண்டு செல்லலாம். ஆதலின் ஆண், பெண், சிறுவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் பின்னினர். 1602 முதல் 1787 வரை டென்மார்க்கு அரசின் தனி வணிகம் அத்தீவைக் கட்டியாண்ட காலத்திலே, காலுறைகளும் கையுறைகளும் பல்லாயிரம் சோடியாகக் கப்பலேறின.

மாரிக்காலத்தில் அங்கே பகற்பொழுது சில மணிநேரமே. நீண்ட இரவில் வீட்டார் அனைவரும் 'பாத்ஸ்தோவா' எனப்படும் ஒரே அறையிற் கூடுவர். ஒருவர் மயிர் கோதுவார், ஒருவர் நூல் நூற்பார், பலர் பின்னுவர். அவர்களிடையே ஒருவர் விளக்கருகிருந்து பழங்கதைகளை உரக்கப் படிப்பார்; அன்றிக் கதைப்பாடல்களை இராகத்துடன் ஓதுவார். 'க்வோல்த்வாகா' என்னும் இந்த மாலைக்கூட்டமே அந்நாட்டுச் சிறுவர்க்குப் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. எழுதப் படிக்க அறிந்தோர் தொகை அவ்வறிய நாட்டில் உயர்ந்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். கை வேலை செய்துகொண்டிருக்கக் காது கல்வி கற்றது. புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் நம் மாணவமணிகள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

புதிய கோலம்

இனி அந்தச் சுவெற்றரின் கதைக்கு வருவோம். ஆலைகள் தோன்றியபின், ஆட்டு மயிரைப் பொறியிற் சீவித் திரியாக்கினர். அத்திரியை நூற்றுத்தான் நூலாக்குதல் வேண்டும். 'லோபி' என்பது நூற்கப்படாத அத்திரியின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நூற்கும் வேலையை விடுத்து லோபியையே நேராகப் பின்னிப் பார்த்தனர் சிலர். முறுக்கேறாத திரி ஆதலின் இழுத்தால் உடனே அறும். ஆயினும் அறுந்த இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையைச் சிறிது நனைத்து உருட்டினால் மீண்டும் ஒன்றாகிவிடும். பின்னி முடிந்தபின்போ எளிதில் அறாது. நூற்கும் வேலை மிச்சம். கிடைத்த ஆடையும் மிக இலேசானது, மிக வெம்மையானது.

1944ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி ஐஸ்லாந்து குடியரசாயிற்று. புதிதாக விடுதலை பெற்ற எந்த நாடும் தன்னை அடையாளம் காட்டும் பொருளொன்றைத் தேடும். அக்காலத்தையடுத்து, 1950ஆம் ஆண்டளவில், கழுத்தைச் சுற்றி வட்டமாகக் கோலமிட்ட சுவெற்றர்கள் தோன்றின. அவ்வட்டப் பகுதியைத் 'தோள்வளையம்' என இங்குக் குறிப்போம். கிறீன்லாந்துப் பெண்கள் விழாக்காலத்தில் அணியும் மணிகோத்த அகன்ற கழுத்தணியைக் கண்டு அதனை அமைத்தனர் என்பர் சிலர். சுவீடன், நோர்வே நாட்டுப் பின்னல்களின் சாயல் உண்டென்பர் வேறு சிலர். 1955ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹல்டோர் லக்ஸ்னஸ் என்னும் எழுத்தாளரின் மனைவியார் ஓய்தூர் லக்ஸ்னஸ் அம்மையாரின் பெயரும் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. ஒருவர் கைப்பட மட்டும் பிறந்ததன்று. பலர் கையில் ஒரே காலத்தில் முளைத்தது என்று கொள்வதே தகும். லோபியாற் செய்த சுவெற்றர் என்னும் பொருளில் அதற்கு 'லோபபெய்சா' என்று பெயராயிற்று.

1977ஆம் ஆண்டில், கையாற் பின்னுவோர் தம் உழைப்புக்குத் தக்க விலை பெறுதற்பொருட்டு ஐஸ்லாந்துக் கைப்பின்னற் சங்கத்தை நிறுவினர். 2020ஆம் ஆண்டில் 'ஐஸ்லாந்து லோபபெய்சா' என்னும் பெயர் அந்நாட்டுச் சட்டத்தின் காப்பைப் பெற்றது. அந்நாட்டு ஆட்டின் கம்பளியினால், அந்நாட்டிலேயே, கையாற் பின்னப்பட்டதற்கு மட்டுமே அப்பெயர் உரியது.

இங்கே நம் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. அச்சட்டம் எந்தக் கோலத்தையும் இதுவே பழங்கோலம் என்று விதிக்கவில்லை. எந்த ஆட்டின் மயிர், எங்கே பின்னியது, கையினாலா பொறியினாலா, தைத்து இணைத்ததா வட்டமாகப் பின்னியதா என்பவற்றையே கேட்கின்றது. கோலம் நேற்று வந்தது, நாளையும் மாறும். மயிர் ஆயிரத்து நூறு ஆண்டு காக்கப்பட்டது. கைப்பழக்கம் நானூறு ஐந்நூறு ஆண்டு வளர்ந்தது. மரபு என்பது அவற்றிலே உள்ளது. பழங்கோலத்தை அச்செடுத்தாற் போலத் திருப்பிச் செய்வதே மரபைக் காத்தல் என்று கருதி, கைப்பயிற்சியையும் பொருளறிவையும் கைவிடுவோர் பெயரை மட்டுமே காப்பர். எந்த நாட்டுக் கைவேலைக்கும் இது பொருந்தும்.

ஆகவே நாம் இங்கே பின்னும் தொப்பிக்கு அச்சுவெற்றரின் பெயரைச் சூட்டுதல் முறையன்று. அம்முறையைத் தழுவியது என்று சொல்லலாம். அதுவே நேர்மை.

தொப்பி ஏன்?

முழுச் சுவெற்றரையும் பின்னத் தொடங்குவோர்க்குப் பொறுமை மிக வேண்டும். தொப்பியோ சில மாலைகளில் முடிவது. ஆயினும் தோள்வளையத்தின் நுட்பம் முழுவதும் அதனுள் அடங்கும். தோளில் அகன்று தொடங்கிக் கழுத்தை நோக்கிச் சுருங்கும் வட்டம் தோள்வளையம். நெற்றியில் அகன்று தொடங்கி உச்சியை நோக்கிச் சுருங்கும் வட்டம் தொப்பி. ஒன்றைக் கற்றவர் மற்றதை எளிதிற் கற்பர்.

வேண்டிய பொருள்கள்: 'லெத்லோபி' என்னும் பெயருடன் விற்கப்படும், சிறிதே முறுக்கிய ஐஸ்லாந்துக் கம்பளி நூல், சாம்பல் நிறத்தில் 50 கிராம் உருண்டை இரண்டு, வெள்ளையில் ஒன்று. ஓர் உருண்டையின் நீளம் 100 மீற்றர். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிப் பெறலாம். கிடையாதவிடத்து அதே பருமனுள்ள வேறு கம்பளி நூலைக் கொள்க. 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள வட்ட ஊசிகள் இரண்டு: ஒன்று 3.5 மில்லிமீற்றர், மற்றது 4.5 மில்லிமீற்றர் பருமன். வட்ட ஊசியென்பது இரு முனைகளை வளையும் வடத்தினால் இணைத்தது. உச்சியைப் பின்னுவதற்கு 4.5 மில்லிமீற்றர் இருமுனை ஊசிகள் ஐந்து. மயிர் ஊசியன்று, கம்பளி தைக்கும் மொட்டை ஊசி ஒன்று.

அளவு பார்த்தல்: இதனைத் தவிர்த்தல் கூடாது. பெரிய ஊசியாற் சிறு துண்டொன்றைப் பின்னிக் கழுவி உலர்த்தி, 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ணுக. இந்நூலில் 18 கண்ணிகளும் 24 சுற்றுகளும் வருதல் வேண்டும். தலையின் சுற்றளவு 56 சென்ரிமீற்றராயின், தொப்பி தலையிற் பற்றி நிற்பதற்காக 3 குறைத்து 53 என்று கொள்க. 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணியாயின் 53 சென்ரிமீற்றருக்கு 95.4 கண்ணி. நம் கோலம் 8 கண்ணிகளுக்கு ஒருமுறை மீள்வது. ஆதலின் 8இன் மடங்குகளில் அருகிலுள்ள 96ஐ எடுக்கிறோம். பின்னல் இறுகி 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணி வருவோர் 104 கண்ணி ஏற்றலாம். அதுவும் 8இன் மடங்கே. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு, தலைச் சுற்றளவு 48 சென்ரிமீற்றராயின், 80 கண்ணி போதும். கணிதத்தை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துச் செய்விக்கலாம்.

பின்னும் முறை

விளிம்பு: சிறிய ஊசியிற் சாம்பல் நூலால் 96 கண்ணிகளை ஏற்றி, முறுக்கு விழாதபடி பார்த்து வட்டமாக இணைக்க. 2 நேர்க்கண்ணி, 2 புறக்கண்ணி என்று மாறி மாறி 4 சென்ரிமீற்றர் உயரம் பின்னுக. நேர்க்கண்ணியை 'நிற்' என்றும் புறக்கண்ணியைப் 'பேர்ள்' என்றும் பின்னல் பழகியோர் அறிவர். இவ்விளிம்பு நெகிழ்ந்து சுருங்கித் தலையைப் பற்றும்.

உடல்: பெரிய ஊசிக்கு மாறி, எல்லாம் நேர்க்கண்ணியாகச் சாம்பல் நூலில் 4 சுற்றுகள் பின்னுக. அதன்பின் கோலம் தொடங்கும். இங்கும் நேர்க்கண்ணி ஒன்றே. கீழே தரும் எண்ணிக்கையைச் சுற்று முடியும் வரை திரும்பத் திரும்பச் செய்க.

1ஆம் சுற்று: 1 வெள்ளை, 3 சாம்பல்.
2ஆம் சுற்று: 2 வெள்ளை, 1 சாம்பல், 1 வெள்ளை.
3ஆம் சுற்று: முழுவதும் வெள்ளை.
4ஆம் சுற்று: 1 சாம்பல், 3 வெள்ளை.
5ஆம் சுற்று: 2 சாம்பல், 2 வெள்ளை, 1 சாம்பல், 2 வெள்ளை, 1 சாம்பல்.
6ஆம் சுற்று: 3 சாம்பல், 3 வெள்ளை, 2 சாம்பல்.
7ஆம் சுற்று: 1 வெள்ளை, 3 சாம்பல்.

ஏழாவது சுற்றே கோலத்தின் நடு. அதன்பின் வந்த வழியே திரும்புக: 8ஆம் சுற்று 6ஆம் சுற்றைப் போன்றது, 9ஆம் சுற்று 5ஐப் போன்றது, இவ்வாறே 13ஆம் சுற்று முதற் சுற்றைப் போன்று முடியும். கோலம் முடிந்தபின் சாம்பலில் மேலும் 9 சுற்றுகள் பின்னுக. சிறுபிள்ளைத் தொப்பிக்குக் கோலத்தின் முன் 3 சுற்றும் பின் 5 சுற்றும் போதும்.

உச்சி: 96 கண்ணிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எட்டுப் பங்கு என எண்ணிக்கொள்க. முதற் சுற்றில் ஒவ்வொரு பங்கிலும் 10 கண்ணி பின்னி, எஞ்சிய இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுக. 88 கண்ணி இருக்கும். அடுத்த சுற்றைக் குறைக்காது பின்னுக. மூன்றாம் சுற்றில் 9 பின்னி இரண்டைச் சேர்க்க. இவ்வாறு ஒன்று விட்டு ஒரு சுற்றிற் குறைத்து 48 கண்ணி ஆனதும், அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 8 கண்ணிக்கு வருக. வட்டம் சிறுத்து வட்ட ஊசிக்கு எட்டாதபோது இருமுனை ஊசிகளுக்கு மாற்றிக்கொள்க. இறுதியில் நூலை வெட்டி, மொட்டை ஊசியிற் கோத்து, எட்டுக் கண்ணிகளூடும் செலுத்தி இறுக்கி, உட்புறத்தே முடிந்துவிடுக. 80 கண்ணித் தொப்பிக்குப் பங்கு ஒன்றுக்குப் பத்துக் கண்ணி. 40 ஆகும் வரை ஒன்றுவிட்டு ஒரு சுற்றிலும், பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைக்க.

உட்புறம்

இக்கலையில் தேர்ந்தவர் யார், பழகாதவர் யார் என்பதைத் தொப்பியைப் புரட்டிப் பார்த்தே அறியலாம். ஒரு சுற்றில் இரு நிறம் ஓடும்போது, ஒரு நிறம் முன்னே கண்ணியாக, மற்றது பின்னே சும்மா ஓடும். அந்தப் பின்னிழை இறுகினால் முன்புறம் சுருங்கிக் கோலம் கோணும். தொப்பி தலையில் ஏறாது. தளர்ந்தால் கண்ணிகள் வாய் பிளக்கும். குழந்தையின் விரல் உள்ளே மாட்டும். யாழ்ப்பாணத்துப் பன்ன வேலையிலே சாயவோலையை எண்ணி எடுத்தும் மறைத்தும் பெட்டியிற் கோலம் காட்டுவோர்க்கு இந்த நுட்பம் உடனே விளங்கும். முன்னே தோன்றுவது பின்னே மறைவதனால் ஆளப்படுகின்றது.

இழை சீராக ஓடுதற்கு மூன்று வழிகள் உள. நிறம் மாற்றுமுன், வலக்கை ஊசியிலுள்ள கண்ணிகளை விரலால் மெல்லப் பரப்பிவிடுக. பின்னிழைக்கு வேண்டிய நீளம் தானே கிடைக்கும். வெள்ளை நூலை எப்போதும் கீழிருந்தும் சாம்பலை எப்போதும் மேலிருந்தும் எடுக்க. இடையில் மாற்றினாற் கோலத்தின் துலக்கம் குன்றும். மூன்றாவதாக, ஐந்து கண்ணிக்கு மேல் எந்த நிறமும் பின்னே தொடர்ந்து ஓடாதபடி கோலம் அமைக்க. மேலே தந்த கோலத்தில் மிக நீண்ட ஓட்டம் ஐந்தேயாம். சொந்தமாகக் கோலம் வரைய விரும்பும் மாணவர் கட்டத்தாளிலே எட்டுக் கட்ட அகலத்தில் வரைந்து, ஒரு வரியில் இரண்டு நிறத்துக்கு மேல் வாராமலும் ஐந்து கட்டத்துக்கு மேல் ஒரு நிறம் நீளாமலும் பார்த்துக்கொண்டால் எதனையும் பின்னலாம். கோலப்பகுதி மட்டும் இறுகுமாயின் அச்சுற்றுகளுக்கு 5 மில்லிமீற்றர் ஊசியைக் கொள்க.

இப்பின்னிழைகளால் வேறொரு நன்மையும் உண்டு. கோலமுள்ள இடத்தில் துணி இரட்டை மடிப்பாகி, இடையே காற்றை அடக்குகின்றது. குளிரை மறிப்பது அக்காற்றே. காதும் நெற்றியும் குளிரும் இடத்திலே கோலம் அமைவது கண்ணுக்கு அழகு, உடம்புக்குக் காப்பு.

கழுவுதலும் கொடுத்தலும்

கம்பளி மயிரின் மேற்புறத்தே நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரும் சவர்க்காரமும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி தடித்துச் சுருங்கிவிடும். பின்னர் எவ்வகையாலும் அதனை மீட்க இயலாது. ஆதலின் இளஞ்சூட்டு நீரில் மெல்லிய சவர்க்காரத்தைக் கரைத்து, தொப்பியை அதனுள் ஊறவைத்துத் தேய்க்காது எடுத்து அலசுக. முறுக்கிப் பிழிதல் கூடாது. துவாயில் வைத்துச் சுருட்டி அமுக்கி ஈரம் போக்கி, நிழலிலே தட்டையாக விரித்து உலர்த்துக. கொடியிற் போட்டால் தன் பாரத்தினாலேயே நீண்டுவிடும். முதற் கழுவலின் பின் கண்ணிகள் ஒழுங்காகி, ஊசியிலிருந்து இறங்கியபோது மேடு பள்ளமாகத் தோன்றிய கோலமும் சீர்ப்படும்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்புவோர் தலையின் சுற்றளவை முன்னரே கேட்டறிக. புருவத்துக்கு மேலும் காதுக்கு மேலுமாக நாடாவைச் சுற்றி அளக்கச் சொல்லுக. வயதை மட்டும் கேட்டுப் பின்னிய தொப்பி பெட்டியிலேயே கிடக்கும்.

இறுதியாக ஒன்று. தொப்பியை மடித்து வைக்கும்போது சிறு தாளொன்றில், ஏற்றிய கண்ணிகளின் தொகை, ஊசியின் பருமன், கோலத்தின் பதின்மூன்று சுற்றுகள், எஞ்சிய நூலில் ஒரு முழம் ஆகியவற்றையும் சேர்த்து வைக்க. அந்தத் தொப்பி இரண்டு மாரிக்காலத்தில் அப்பிள்ளைக்குச் சிறிதாகிவிடும். அப்போது 80ஐ 88 ஆக்கி அடுத்ததை யார் பின்னுவது என்ற கேள்வி எழும். தாள் கையில் இருந்தால், அப்பிள்ளையே ஒருநாள் ஊசியை எடுக்கவும் கூடும்.